உத்திரத்துக்கு எண்ணெய் பூசிய கை

என் பிரியமான அப்பா, வாயைத் திறக்காமலே போய்ச் சேர்ந்த என் மகராசா,

சுகமா என்று கேட்க மாட்டேன். நீங்கள் இருக்கிற இடத்தில் சுகத்துக்கு என்ன குறைச்சல்? இங்கேதான் சுகம் இல்லை. கோயில் வாசலுக்கு வலது பக்கம் சுவரில் பதித்திருக்கிற உங்கள் பெயர்க் கல்லைப் பெயர்த்து எடுக்கச் சபைக் கமிட்டி தீர்மானம் கொண்டுவந்தது. மயிலாடியிலிருந்து வண்டியில் வைக்கோல் போட்டு, குழந்தையைக் கொண்டுவருவது மாதிரி கொண்டுவந்தார்களே, அதே கல். "இவ்வாலயத்தின் மேற்கூரைக்கான மரத்தடி முழுவதும் காணிக்கையாகத் தந்தவர்" என்று உங்கள் பெயருக்குக் கீழே கொத்தியிருக்கிறதே, அந்த வரிதான் அவர்கள் கண்ணில் குத்துகிறதாம்.

காரணம் கேட்டால் உங்களுக்கே சிரிப்பு வரும். எனக்கு வரவில்லை. போன மாதம் திருவிருந்து ஆராதனையில், போதகர் அப்பத்தைப் பிட்டுக்கொண்டிருந்தபோது, மேலே நடு உத்திரத்திலிருந்து மாவு மாதிரி பொடி உதிர்ந்தது. வெள்ளை விரிப்பின் மேல் விழுந்தது, பாத்திரத்தின் மூடி மேல் விழுந்தது. எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். உத்திரத்தை வண்டு துளைத்து உளு விழுந்துவிட்டது என்று சபை முழுக்கத் தெரிந்துவிட்டது.

அன்றைக்கே பேச ஆரம்பித்துவிட்டார்கள். ரப்பர் எஸ்டேட் பொன்னையாவை உங்களுக்குத் தெரியும். இப்போது அவர்தான் கமிட்டியில் பெரிய ஆள். கோயில் முற்றத்திலேயே நின்று, நான் காதால் கேட்கச் சொன்னார்: "தேருக்கு நல்ல தடி, தேவனுக்கு உளுத்த தடி. ஞானமுத்து அண்ணாச்சி வியாபாரம் தெரிஞ்ச ஆளுல்லா."

அப்பா, அந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? நீங்கள் இருந்தால் "சவத்த விடு மக்கா" என்று சொல்லி நடந்திருப்பீர்கள். நான் விடுகிற ஆள் இல்லை. ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு நடந்துவிட்டேன். ஏனென்றால் எனக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியாமல் வைத்தது நீங்கள். அந்தக் கோபத்தைத்தான் இப்போது எழுதுகிறேன். பொன்னையா மேல் உள்ளது பாதிதான். மற்ற பாதி உங்கள் மேல்.

இந்தக் கடிதத்தின் பிரதி ஒன்றைச் சபைப் பத்திரிகைக்கும் அனுப்பப் போகிறேன். போட்டால் போடட்டும், போடாவிட்டால் குழித்துறைச் சந்தையில் அச்சடித்துக் கொடுப்பேன். அதனால் உங்களைத் தெரியாதவர்களுக்காகவும் சில வார்த்தை சொல்லியாக வேண்டும். உங்களுக்குப் பிடிக்காது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலையில் வெட்டின தடிகளைக் கொடியால் பிணைத்துத் தெப்பமாக்கி, மழைக்காலத்து ஆற்று வெள்ளத்தில் அதன் மேலேயே நின்று குழித்துறைக்கு ஓட்டிக்கொண்டு வருகிற வேலையில்தான் நீங்கள் ஆரம்பித்தீர்கள். கல்யாணத்தன்றுகூடக் காலில் தடி நசுக்கின காயம் இருந்ததாக அம்மா சொல்வாள். அப்புறம் ஒற்றை மரமாக வாங்கி விற்று, பிறகு ஆற்றங்கரையில் ஒரு கொட்டகை போட்டு, அதுதான் தடிக்கடையாக வளர்ந்தது. தேக்கெல்லாம் சர்க்கார் சொத்து, ஏலத்தில்தான் எடுக்க வேண்டும். அயனியும் பிலாவும் வேங்கையும் நீங்கள் ஊர் ஊராக நடந்து, மரத்தைத் தட்டிப் பார்த்து வாங்கினது. நாஞ்சில் நாட்டில் புதுவீடு கட்டுகிறவன் எந்தச் சாதி, எந்த மதம் என்றாலும் குழித்துறை வண்டி ஏறி உங்களிடம்தான் வந்தான். சுசீந்திரத்துக்கு அந்தப் பக்கத்து ஊர் ஒன்றில் தேர் பழுது பார்த்தபோது அச்சுக்கும் சட்டத்துக்கும் மரம் கொடுத்ததும் நீங்கள்தான். அது வியாபாரம். அதில் ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை.

நம்மூர்க் கோயிலுக்கு நீங்கள் கொடுத்தது வியாபாரம் இல்லை. கதவு கொடுத்தீர்கள், ஜன்னல் கொடுத்தீர்கள், பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு கொடுத்தீர்கள். ஏழை வீட்டில் சாவு விழுந்தால் பெட்டிக்குப் பலகை கேட்காமலே போய்ச் சேரும். கோயிலுக்கு முதன்முதல் பெஞ்சு போட்டபோது கமிட்டிக்காரர்கள் எல்லாவற்றையும் ஆண்கள் பக்கமே போட்டுவிட்டு, "பொம்பிளையாளுவ பாயில இருந்தா போரும்" என்றார்கள். நீங்கள் சண்டை போடவில்லை. அடுத்த வாரமே இன்னொரு வண்டி பெஞ்சு கொண்டுவந்து, நீங்களே நின்று பெண்கள் பக்கம் போட வைத்தீர்கள். எனக்குத் தெரிந்து நீங்கள் பிடிவாதமாக நின்று ஜெயித்தது அது ஒன்றுதான்.

கூரைத் தடிக்கு வருகிறேன். எனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த வருஷம் அது. பழைய ஓலைக்கூரையை எடுத்துவிட்டு ஓடு போடுவது என்று சபை முடிவு செய்தது. நடு உத்திரத்துக்கு வீட்டை ஒட்டின நம் விளையில் நின்ற பெரிய அயனி மரத்தைத் தருவதாக நீங்கள் சொல்லிவிட்டீர்கள். இரண்டு ஆள் சேர்ந்து கட்டிப் பிடித்தாலும் கை எட்டாத மரம். அந்த மரத்தடியில்தான் அம்மா நெல் அவிப்பாள்.

அன்றைய போதகர் வீட்டுக்கு வந்தார். நான்தான் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து வைத்தேன். நல்ல மனுஷர்தான், பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லி வீடு வீடாக ஏறி இறங்கினவர். அவரைக் கெட்டவர் என்று ஒரு நாளும் சொல்ல மாட்டேன். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"ஞானமுத்து, குருத்தோலை ஞாயிறு ஆராதனை முடிஞ்சு மறுநாள் காலையில சபையெல்லாம் ஓலையும் கையுமா பாடிக்கிட்டு உம்ம விளைக்கு வரும். ஜெபம் பண்ணி அன்னைக்கே மரத்தை வெட்டிருவோம்" என்றார்.

நீங்கள் தலையைச் சொறிந்தீர்கள். "ஐயரே, ஒரு பத்து பன்னெண்டு நாள் பொறுத்தா நல்லது. இப்பம் மரத்துல நீரு ஏறி நிக்கும்."

"நீரு ஏறி நிக்குமா, நிலா ஏறி நிக்குமா?" என்று அவர் சிரித்தார்.

குருத்தோலை ஞாயிறு எந்த வருஷம் வந்தாலும் வளர்பிறையில்தான் வரும், பௌர்ணமியை ஒட்டித்தான் வரும். வளர்பிறையில் வெட்டின தடியில் உளு விழும் என்பது மலையில் கோடாலி எடுத்த ஒவ்வொருவனும் நம்புகிற விஷயம். உங்கள் வியாபாரம் முழுக்கத் தேய்பிறையில் வெட்டினதுதான். யாரிடமும் பஞ்சாங்கம் கேட்டதில்லை, வானத்தைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரியும். போதகருக்கும் அது தெரிந்திருந்தது. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"திருவிருந்து வாங்குற கை பஞ்சாங்கத்தையும் புரட்டுமா, ஞானமுத்து?"

"பஞ்சாங்கம் இல்ல ஐயரே. தொழிலு."

"தொழில்ல இருக்கிற இருட்டைத்தான் முதல்ல விடணும். நேத்து ஞானஸ்நானம் வாங்கின சனமெல்லாம் உம்மைத்தான் பாத்துக்கிட்டு இருக்கு. தேவனுடைய வீட்டுக்கு மரம் வெட்ட நாள் பாத்தீருன்னா, அவனவன் வீட்டுக் கல்யாணத்துக்கு நாள் பாக்காம இருப்பானா?"

நீங்கள் காப்பித் தம்ளரைத் தரையில் வைத்தீர்கள். பிறகு சொன்னீர்கள்: "சரி ஐயரே. திங்கக்கிழமையே வெட்டுவோம்."

அந்த "சரி"யை நான் இன்றைக்கும் காதில் வைத்திருக்கிறேன். ஏன் அப்பா? இருபது வருஷம் மலையேறி இறங்கின மனுஷன், ஒரு காப்பி குடிக்கிற நேரத்தில் ஏன் மடங்கினீர்கள்? பயமா? திருவிருந்திலிருந்து தள்ளிவைத்துவிடுவார் என்றா? இல்லை, உண்மையிலேயே அவர் சொல்வதுதான் சரி என்று நினைத்தீர்களா? எது என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

வெட்டு அன்று நானும் நின்றேன். ஊர் முழுக்கக் குருத்தோலையோடு வந்து பாட்டுப் பாடியது. நம் மூத்த வெட்டுக்காரர் வேலப்பன் கோடாலியைத் தரையில் வைத்துவிட்டு, ஒதுங்கிப் போய் நின்றுகொண்டார். "மொதலாளி, தேருக்கு வெட்டும்பம் தேய்பிறைக்கு காத்துக் கெடந்தோம். உங்க சாமிக்குன்னா மட்டும் என்னத்துக்கு இந்த வெப்ராளம், இந்த அவசரம்?" என்று பைய உங்களிடம் கேட்டார்.  மேல்சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, அவர் வைத்த கோடாலியை எடுத்து முதல் வெட்டை நீங்களே வெட்டினீர்கள். வெட்டின இடத்திலிருந்து பால் வடிந்து உங்கள் முழங்கையில் ஒட்டியது. சபை "அல்லேலூயா" என்றது. வேலப்பன் வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டு வந்து அடுத்த வெட்டை வெட்டினார்.

அதோடு விட்டார்களா? மிஷன் துரை சீமைக்குப் போகிறார், கிறிஸ்துமசுக்குள் பிரதிஷ்டை நடக்க வேண்டும் என்று அவசரம். மற்றவர்களுக்கு விற்கிற தடியை ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் உலர்த்தி, பொறுமையாக அறுக்கிற மனுஷன் நீங்கள். கோயில் தடியைப் பச்சையாகவே அறுக்கக் கொடுத்தீர்கள். நிலாவால் உளு விழுந்ததா, பச்சையில் அறுத்ததால் விழுந்ததா, எனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். உங்களுக்கு இரண்டும் தெரியும். தெரிந்தே தலையாட்டினீர்கள்.

இதுவரைக்கும் எனக்குத் தெரிந்த கதை. இனிமேல் சொல்வது அம்மா வாயிலிருந்து வந்தது, அதுவும் பொடி விழுந்த அந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

கோயிலிலிருந்து வந்து நான் பொன்னையாவைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தேன். அம்மா சேலைகூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள். திடீரென்று, "அவிய போனபெறவு யாரு பூசுனா? அதான் உதிருது" என்றாள்.

"என்னத்தப் பூச?"

"எண்ணெ."

உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா, கிறிஸ்துமசுக்கு முந்தின வாரம் கோயில் வெள்ளையடிப்பு வரும்போது, உத்திரத்தைத் துடைக்கிற வேலையை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் நீங்களே ஏணி வைத்து ஏறுவீர்கள். எல்லோரும் சிரிப்பார்கள். தான் கொடுத்த தடியைத் தானே தடவிப் பார்க்கிறார், பெருமை விடவில்லை என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நீங்கள் பூசினது முந்திரிக்கொட்டை என்று மற்ற ஊரார் சொல்கிற கொல்லாங்கொட்டையின் தோட்டை வாட்டி எடுக்கிற எண்ணெயாம். கடற்கரையில் வள்ளத்துக்குப் பூசுவார்களே, மேலே பட்டால் தோல் வெந்து உரியுமே, அதே கறுப்பு எண்ணெய். இரண்டாம் வருஷமே உத்திரத்தில் உளு கண்டுவிட்டீர்களாம். அன்று முதல் வருஷா வருஷம் ஓட்டை ஓட்டையாகத் துணியைத் திணித்து எண்ணெய் ஊற்றியிருக்கிறீர்கள். கையில் துணி சுற்றினால் என்ன பூசுகிறீர்கள் என்று யாராவது கேட்பார்கள் என்று அதைக்கூடச் சுற்றவில்லையாம்.

"என்னத்துக்கும்மா மறைச்சாவ? சொல்லியிருந்தா அப்பமே உத்திரத்த மாத்தியிருக்கலாமே?"

"நானும் கேட்டேன். 'இது உளுத்ததுன்னு வெளிய தெரிஞ்சா, பிறை பாக்காம வெட்டினதாலதான்னு வேலப்பன்ல இருந்து எல்லாவனும் சொல்லுவான். சனம் நாளைக்கே பஞ்சாங்கத்த தூக்கும். ஐயரு மானமும் போவும், கோயிலு மானமும் போவும். நான் இருக்கது வரைக்கும் நானே பூசிக்கிடுதேன், நீ வாயத் தெறக்காத'ன்னாவ."

ஐயர் மானம் போகும். கோயில் மானம் போகும். ஞானமுத்து மானத்தை என்ன செய்யலாம் என்று நினைத்தீர்கள்? ஆற்றில் விடலாம் என்றா? அந்த மானத்தில் பங்குள்ள ஒரு பெண்டாட்டியும் ஒரு மகளும் இருக்கிறோமே, எங்களை ஒரு வார்த்தை கேட்டீர்களா?

அம்மா சொன்னதைக் கேட்ட பிறகுதான் எனக்கு உங்கள் கை ஞாபகத்துக்கு வந்தது. உள்ளங்கையும் விரலும் வெந்து, உரிந்து, ஆறி, மறுபடி வெந்து, வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்த கை. நான் கேட்டபோது "சொறி மக்கா, மரப்பாலு ஒத்துக்கிடல்ல" என்றீர்கள். ஊர் அதற்கு வேறு பெயர் வைத்தது. குஷ்டம் என்று யாரோ முணுமுணுத்தார்கள், அவ்வளவுதான், தீ மாதிரி பரவிவிட்டது. ஒரே பாத்திரத்தில் எல்லோரும் வாய் வைத்துக் குடிக்கிற திருவிருந்து. உங்களுக்கு அடுத்தாற்போல் குடிக்க ஆளில்லை.

அப்போதும் வந்தவர் இதே பொன்னையாதான். "அண்ணாச்சி, சங்கடப்படாதிய. நீங்க கடைசியா வந்தியன்னா எல்லாருக்கும் நல்லது" என்று நம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, நம் வீட்டுக் காப்பியைத் தொடாமல் சொன்னார். அன்றைக்கும் நீங்கள் "சரி" என்றீர்கள். மருந்துச் சாலைக்குப் போய்க் காட்டி, இது அந்த நோய் இல்லை என்று எழுதி வாங்கி அவர் முகத்தில் எறிய வேண்டாமா? எறிந்தால் பிறகு எதனால் கை வெந்தது என்று கேட்பார்கள். அதைச் சொல்ல மாட்டீர்கள். அதனால் கடைசியில் போய் நின்றீர்கள். அம்மாவும் பெண்கள் வரிசையை விட்டு உங்களோடு கடைசியில் வந்து நின்றாள்.

திருவிருந்து கையிலிருந்து போய்விடக் கூடாது என்றுதான் மரத்தை வெட்டினீர்களோ என்னவோ. அந்த மரத்துக்கு எண்ணெய் பூசி, திருவிருந்தில் கடைசி ஆள் ஆனீர்கள். இது என்ன கணக்கு அப்பா? 

நீங்கள் செத்தபோது அந்தக் கையைப் பெட்டிக்குள் துணியால் மூடி வைத்தார்கள். மூடச் சொன்னதும் கமிட்டிதான். அந்தப் பெட்டிப் பலகையும் நம் கடைப் பலகைதான்.

அம்மா இவ்வளவும் சொன்ன மறுநாள் காலையில் நான் கடையிலிருந்து ஏணியும் இரண்டு ஆட்களும் கொண்டு கோயிலுக்குப் போனேன். உங்கள் மருமகன், "ஏட்டி, பொம்பிளை ஏறுத எடமா இது? கோட்டி பிடிச்சிருக்கா?" என்றார். ஏணியைப் பிடிக்கச் சொன்னேன், பிடித்துக்கொண்டார். உத்திரத்தை உளியால் சுரண்டிப் பார்த்தேன். வெளிப்பக்கத்து வெள்ளை மரம்தான் உளுத்திருக்கிறது. நடு வைரம் இன்னும் உளியைத் திருப்பி அடிக்கிறது. நீங்கள் ஊற்றின எண்ணெய் போன வழியெல்லாம் கறுப்பாக, கல் மாதிரி நிற்கிறது. உங்களுக்குப் பிறகு பூசாமல் விட்ட இடத்தில்தான் பொடி. நான் அங்கேயே உட்கார்ந்து ஒரு பாடு அழுதேன். அப்புறம் கடற்கரைக்கு ஆள் அனுப்பி, அதே எண்ணெய் வாங்கி வரச் சொல்லி, நானே பூசினேன். துணி சுற்றித்தான் பூசினேன், இருந்தும் கை வெந்துவிட்டது.

அதற்கு அடுத்த ஞாயிறு சபைக் கூட்டம். ஆராதனை முடிந்து கோயிலுக்குள்ளேயே கூட்டம். பொன்னையா எழுந்து, இரும்பு உத்திரம் தான் வாங்கித் தருவதாகவும், பழைய கல்லை எடுத்துவிட்டுப் புதுக் கல் பதிக்க வேண்டும் என்றும் சொன்னார். "பொய்க் கல்லு கர்த்தருடைய சுவர்ல இருக்கலாமா?" என்று ஒரு கேள்வியும் போட்டார். சிலர் தலையாட்டினார்கள். உங்களிடம் பெட்டிப் பலகை வாங்கின வீட்டுக்காரர்களும் அதில் உண்டு.

நான் எழுந்தேன். பெண்கள் பக்கத்துப் பெஞ்சிலிருந்துதான் எழுந்தேன்.

"பொம்பிளையாளுக்குக் கூட்டத்துல என்ன பேச்சு? இரி, இரி" என்று ஆண்கள் பக்கமிருந்து ஒரு குரல்.

"இருக்கதுக்கு எங்கப்பா பெஞ்சு போட்டுத் தந்தாவ. இப்பம் எந்திச்சாச்சு. கேட்டுட்டு எல்லாரும் போங்க" என்றேன்.

அம்மா என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். "அவிய மறைச்சத நீ ஊருக்குச் சொல்லாத மக்கா" என்றாள். அவள் கையைப் பைய எடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். குருத்தோலைத் திங்கட்கிழமை, போதகர் பேச்சு, வேலப்பன் வைத்த கோடாலி, பச்சை அறுப்பு, எண்ணெய், கை. புதிதாக வந்திருக்கிற இளம் போதகர் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

பொன்னையா லேசுப்பட்ட ஆள் இல்லை. முடிக்கும்வரை பொறுத்திருந்து, அமைதியாக ஒரு கேள்வி கேட்டார். "அப்பம் பஞ்சாங்கந்தான் சரி, பழைய ஐயரு சொன்னது தப்புன்னு சொல்லுதியா, எஸ்தரு?"

அப்பா, நீங்கள் பத்து வருஷம் கையை வேக வைத்தது இந்தக் கேள்வி வரக் கூடாது என்றுதான். வந்துவிட்டது. கோயில் முழுக்க என் வாயையே பார்த்தது. ஆமாம் என்று சொன்னால் உங்கள் பெயர் தப்பிக்கும், ஆனால் நீங்கள் மறைத்துக் காத்தது போகும். இல்லை என்றால் கல் போகும். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். 

"நிலாவுக்கும் உளுவுக்கும் உள்ள சம்பந்தம் எனக்குத் தெரியாது" என்றேன். "எது சரின்னு கர்த்தருக்குத்தான் தெரியும். ஆனா ஒண்ணு எனக்குத் தெரியும். உங்க பிள்ளைய தலைல இந்த உத்திரம் விழுந்திரக் கூடாதுன்னு ஒரு மனுசன் கைய வேக வச்சாரு. அந்தக் கையப் பாத்து எழும்பி மாறி இருந்திய. எப்பிடி வெந்துதுன்னு ஒருத்தராவது கேட்டியளா? கல்ல எடுக்கணும்னா எடுத்துக்கிடுங்க. அது எங்கப்பா கேட்டு வச்ச கல்லு இல்ல. ஆனா அவியள கடைசில நிக்க வச்சது தப்புன்னு இங்ஙன ஒருத்தர் சொல்லணும். இன்னைக்கே சொல்லணும்."

என் கையை விரித்துக் காட்டினேன். கொப்புளம் உடைந்து, தோல் தொங்கிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் பார்த்துவிட்டுக் கண்ணை மாற்றிக்கொண்டார்கள்.

யாரும் சொல்லவில்லை, அப்பா. ஒருவர்கூட.  இளம் போதகர் எழுந்து, "தீர்மானத்தை ஒத்திவைப்போம், ஜெபிப்போம்" என்றார். ஜெபித்தார்கள், வீட்டுக்குப் போனார்கள். கல் இன்னும் சுவரில்தான் இருக்கிறது. அதைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை. பொன்னையா என்னைக் கண்டால் குடையைச் சாய்த்துக்கொண்டு போகிறார். உங்களைப் போல ஆளுக்கு இந்தச் சபை கொடுத்த நியாயம் இவ்வளவுதான்.

நேற்று மறுபடி திருவிருந்து. மேலே ஒரு பொடியும் உதிரவில்லை. இளம் போதகர் என்ன நினைத்தாரோ, வரிசை தொடங்குவதற்கு முன்னால் அம்மா பெயரைச் சொல்லி, "அம்மா, நீங்க முதல்ல வாங்க" என்று கூப்பிட்டார். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்கு உள்ளுக்குள்ளே ஒரு வெறி. போ அம்மா, எல்லோர் முன்னாலும் நிமிர்ந்து நடந்து போ என்று மனசு கத்தியது.

அம்மா எழுந்திருக்கவில்லை. "எல்லாரும் போட்டும் ஐயரே" என்றாள்.

எல்லோரும் போனார்கள், வந்தார்கள். கடைசி ஆளும் வந்து உட்கார்ந்த பிறகுதான் அம்மா பெஞ்சைப் பிடித்து எழுந்தாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "இப்பமும் என்னத்துக்கும்மா கடைசில போற? இவிய சொன்னதக் கேக்கவா?" என்று கேட்டேன். அம்மா திரும்பிப் பார்த்தாள். "இவிய சொன்னதுக்கு இல்ல மக்கா. அவிய அங்ஙனதான் நிப்பாவ. நான் முன்னால போயி யாருகூட நிக்க?"

நானும் எழுந்து அவள் பின்னாலேயே போனேன். வெந்த கையை நீட்டித்தான் அப்பத்தை வாங்கினேன். மறைக்கவில்லை.

உங்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிப்பேனா என்றும் தெரியாது. அவர்கள் கேட்காததால் நீங்கள் சொல்லவில்லை; நீங்கள் சொல்லாததால் அவர்களும் கேட்க வேண்டியிருக்கவில்லை. நல்லவர்கள் வாயை மூடிக்கொண்டு நல்லது செய்தால், பொன்னையாக்கள்தான் கடைசியில் பேசுவார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா?

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். கிறிஸ்துமசுக்கு முந்தின வாரம் வருஷா வருஷம் அந்த உத்திரத்துக்கு நான் எண்ணெய் பூசுவேன். பட்டப்பகலில், சபை பார்க்கப் பூசுவேன். அது தாங்காது என்று வருகிற நாளில், இரும்பு வேண்டாம், நம் விளையில் அந்தப் பழைய மரத்தின் குற்றிக்குப் பக்கத்தில் முளைத்து நிற்கிற அயனி இருக்கிறது, அதை வெட்டுவேன். தண்ணீரில் ஊறட்டும், நிழலில் காயட்டும், எந்தத் துரை சீமைக்குப் போனாலும் போகட்டும். எந்தப் பிறையில் வெட்டினாய் என்று எந்தப் போதகர் கேட்டாலும் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். "சரி ஐயரே" என்கிற வார்த்தை நம் வீட்டில் உங்களோடு போகட்டும்.

கை எரிகிறது. பேனாவைப் பிடிக்க முடியவில்லை. உங்களுக்கு எப்படி எரிந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது.

கோபம் தீராத,
தடிக்காரர் ஞானமுத்துவின் மகள்,
எஸ்தர்.